தரையைத் தொடாத கோடு

வண்டி இன்னும் வேகமாகப் பறக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களை என் மாமா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். "மிதிச்சா ஓடற மாதிரி எவன் வேணாலும் செட் பண்ணுவான். கால எடுத்தா எப்படி நடந்துக்குதுன்னு பாரு, அதுலதான் இருக்கு வண்டி" என்பார். என் அக்காவைக் கட்டியவர். ஊர்க்காரர்களுக்கு அவர் லேப்டாப்காரர். அவருடைய பட்டறைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நான் கார் சீட்டுக்கு உறை தைப்பவன். என் தையல் மெஷின் சத்தம் கொஞ்சம் ஓய்ந்தால் போதும், "மாப்ள, தூங்கிட்டியா?" என்று சுவரைத் தட்டுவார்.

அவருடைய வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இப்போதைய கார்களில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், எவ்வளவு காற்று போக வேண்டும், எந்த நொடியில் பொறி விழ வேண்டும் என்பதையெல்லாம் சோப்பு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதற்குள் கட்டம் கட்டமாக எண்கள். மாமா ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரை மாட்டி, அந்த எண்களை லேப்டாப்பில் விரித்து வைத்துக்கொண்டு, இங்கே ஒன்று கூட்டுவார், அங்கே ஒன்று குறைப்பார். அவரிடம் வருவதெல்லாம் ஒரே மாதிரி நோயாளிகள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வெட்டி வெட்டி இழுக்கிற வண்டி, சைலன்ஸரில் பட்டாசு வெடிக்கிற வண்டி, சிக்னலுக்கு வரும்போது பொசுக்கென்று அணைந்துபோகிற வண்டி. "மிதிக்கிறப்போ குதிரை, விடறப்போ கழுதை" என்று அவற்றைச் சொல்வார்.

வண்டியின் சொந்தக்காரரையே ஓட்டச் சொல்லி, இவர் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொள்வார். "கால எடுங்க. ம். மறுபடி எடுங்க." இரண்டு மணி நேரம் இதே பேச்சுதான். இறங்கும்போது வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு நிற்கும்.

மாமாவுக்குக் கோபமே வராது. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அதுதான். கோபப்படுகிறவனோடு நாலு வார்த்தை சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். "இல்ல, அப்படி இருக்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்பவரிடம் என்ன செய்வது? சுவரில் முட்டிக்கொள்ளலாம். அதற்குத்தான் நடுவில் சுவர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

என் அக்கா நர்ஸ். ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்திருக்கிற நர்ஸ் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, இதயத் துடிப்பைச் சின்ன மெஷினில் பதிவெடுத்து டாக்டருக்கு அனுப்புவது என்று சுற்றுகிறவள். ஒரு நாளைக்குப் பதினொரு வீடு. அதற்காகவே பழைய வெள்ளைக் கார் ஒன்றை வைத்திருந்தாள். பின் சீட்டில் மருந்துப் பெட்டி உருளாமல் இருக்க நான்தான் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா அந்தக் காருக்கு ஒரு நல்லது செய்தார். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது காலை முழுதாக எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். இன்ஜின் சுற்று குறைந்ததும் திரும்பக் கொடுக்கும். எல்லாக் காரிலும் உள்ளதுதான். மாமா அதை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். சீக்கிரம் நிறுத்து, தாமதமாகக் கொடு. "வீட்டுக்கு வீடு நின்னு நின்னு போறவ நீ. இனிமே ஒரு சொட்டு வீணாகாது" என்றார். பட்டறையில் நிறுத்தி வைத்து, ஆக்ஸிலேட்டரைக் கையால் அமுக்கி விட்டுப் பார்த்தார். சூடான இன்ஜின், ஏசி போடவில்லை. அழகாக இறங்கி, அணையாமல் நிதானமாக ஓடியது.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் கார் ஒரு சந்து முனையில் அணைந்தது. மறுபடி ஒரு பள்ளிக்கூட வாசலில். மாமாவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் அக்காவுக்கு வேலை நேரம், இரண்டு மணி நேரம் உட்கார வைக்க முடியாது. வீட்டு வண்டிதானே என்று சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டிப் பார்த்தார். பக்கத்து சீட்டில் லேப்டாப் தானாகப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தது. பதினேழு தடவை போனார். ஒரு தடவைகூட அணையவில்லை.

பிறகு அக்காவை ஓட்டச் சொல்லி ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தார். அணைந்தது. ஆனால் அன்று லேப்டாப்பை எடுத்துப்போகவில்லை. வண்டிதான் தேறிவிட்டதே! அக்காவின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிளட்ச்ச லேட்டா மிதிக்கிற. பயப்படாத, வேற ஒண்ணுமில்ல" என்றார். அவர் ஓட்டும்போது லேப்டாப்பைப் பார்த்தார். அக்கா ஓட்டும்போது அக்காவைப் பார்த்தார். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நாலாவது தடவை ரவுண்டானாவுக்குள் நுழைகிற இடத்தில் அணைந்தது. பின்னால் ஒரு லாரி. ஹாரன் சத்தத்தில் அக்காவுக்குச் சாவி எந்தப் பக்கம் திருகுவது என்பதே மறந்துபோயிற்று. யாரோ இறங்கி வந்து தள்ளி ஓரத்தில் விட்டார்கள். காரை அங்கேயே விட்டுவிட்டு, மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே நோயாளி வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் மாமா போய்க் காரை எடுத்து வந்தார்.

மறுநாள் காலை பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். வாடிக்கையாக வருகிற டாக்ஸிக்காரர் சும்மா இருக்காமல், "என்ன லேப்டாப்காரரே, உங்க வீட்டு வண்டியே நடுரோட்டுல படுத்துக்கிச்சாமே?" என்று கேட்டார். மாமா சிரித்துக்கொண்டே, "வண்டியில ஒண்ணுமில்லண்ணே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை மறைப்பானேன். திரும்பிப் பார்த்தால் மாமாவின் சாப்பாட்டுப் பையோடு அக்கா வாசலில் நிற்கிறாள்.

பையை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் கார் சாவியை வைத்தாள்.

"உங்க கூடம். நீங்களே ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

பஸ்ஸில் போனால் பதினொரு வீடு ஆறு வீடாகிவிடுகிறது. அவளுடைய ஆபீஸில் சூப்பரின்டென்டன்ட் அம்மா நல்ல மாதிரிதான்; மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, மாதக் கடைசிக்குள் வண்டி ஓட்டுகிறாயா சொல், இல்லையென்றால் உள்ளே ரெஜிஸ்டர் எழுதுகிற நாற்காலி காலியாக இருக்கிறது, உன் வீடுகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அக்காவை நாற்காலியில் உட்கார வைப்பதும் மீனைக் கரையில் போடுவதும் ஒன்று. அதோடு, அவளுடைய வீடுகளில் ஒன்றில் காலில் ஆறாப் புண்ணோடு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். ஒன்றரை வருஷமாகக் கட்டிக் கட்டி அந்தப் புண்ணை நகத்தளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். "நான் கொண்டாந்த புண்ண இன்னொருத்தி ஆத்திட்டுப் பேர் வாங்கிட்டுப் போறதா?" என்று என்னிடம் பொருமினாள்.

அந்தப் பொருமல்கூட எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவள் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. "அவர் சொல்றது சரியா இருக்குமோடா? ஊசி போடறப்போ என் கை இம்மிகூட நடுங்காது. வண்டிய நெனச்சாலே கால் நடுங்குது. எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுபோல." பதினெட்டு வருஷம் ஓட்டியவள். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது. நேரே போய் மாமாவிடம், "அவ கால அவளே நம்பாத மாதிரி பண்ணிட்டீங்களே மாமா" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. அதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. ஆனால் முகம் சுண்டிப்போயிற்று. "அவளுக்குப் பயம் போகணும், அவ்வளவுதான் மாப்ள. நான் காட்டறேன்" என்றார்.

அவர் காட்டியது இப்படி. அடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு முடித்த மேஜையைத் துடைத்துவிட்டு, பதினேழு தடவை ஓட்டிய பதிவுகளில் ஒன்றை நீளமாகத் தாளில் எடுத்து ஒட்டி விரித்தார். நாலு நிறத்தில் நாலு கோடுகள் மலையும் பள்ளமுமாக ஓடின. மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது.

"இதப் பாரு. இந்தச் செவப்புக் கோடு இன்ஜின் சுத்தறது. எங்கயாவது அணையற அளவுக்கு எறங்குதா? இல்லல்ல? வண்டி நல்லா இருக்கு. நீ தைரியமா எடு."

அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவள் பார்த்தது சிவப்புக் கோட்டை அல்ல. ஆட்காட்டி விரல் வேறொரு கோட்டின் மேல் மெதுவாக நகர்ந்தது.

"இந்தப் பச்சை என்னங்க?"

"அது ஆக்ஸிலேட்டர். கால் எவ்வளவு மிதிக்குதுன்னு காட்டும்."

"கால எடுத்தா?"

"கீழ வந்துரும்."

"எங்க வந்துச்சு? ஒரு எடத்துலகூடத் தரையத் தொடலயே."

மாமா சிரித்தார். "அது சென்சாரோட கணக்கு. பூஜ்யத்த ரெண்டுன்னு காட்டும். சில வண்டியில அப்படித்தான்."

அக்கா கண்ணாடியைக் கழற்றாமல் விரலை அங்கேயே வைத்திருந்தாள். "அப்படின்னா நேரா இல்ல இருக்கணும்? இது ஏறி எறங்குதே. ரெண்டு, ரெண்டரை, ரெண்டு, மூணு..." தலையை நிமிர்த்தினாள். "தெனமும் இதயத் துடிப்புக் கோட்டப் பாக்கறேங்க நான். ஒயர் கழண்டு போனா கோடு நேராப் போகும். உசுரு இருந்தாதான் இப்படி அசையும். இது சென்சார் இல்ல. யாரோ மிதிச்சிட்டேதான் இருக்காங்க."

மாமாவின் சிரிப்பு நின்றது. தாளைத் தன் பக்கம் இழுத்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து தன் வலது காலையே பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் பளிச்சென்றது. "மாமா, உங்க வேன்ல மேட்டு!" என்று கத்திவிட்டேன். மாமாவின் சொந்த வேனுக்கு வருஷா வருஷம் கால்மிதி மாற்றிக் கொடுப்பவன் நான். எல்லோருடைய மேட்டிலும் குதிகால் இங்கும் அங்கும் தேய்த்த தடம் இருக்கும். அவருடையதில் மட்டும் ஆக்ஸிலேட்டருக்குக் கீழே ஒரே இடத்தில் குழி. கால் அந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை. வருஷக்கணக்கில் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு, "மாமா குதிகால்ல கத்தி வெச்சிருக்கீங்களா?" என்று கேலி பண்ணினேனே தவிர, அதற்கு மேல் யோசிக்க எனக்கு மூளை இல்லை.

கதை அவருக்கே தெரிந்த கதைதான், எங்களுக்குப் பலமுறை சொல்லியும் இருக்கிறார். அவர் முதன்முதலில் ஓட்டக் கற்ற வண்டி சித்தப்பாவின் பழைய கார். கார்புரேட்டர் கோளாறு, காலை முழுதாக எடுத்தால் அணைந்துவிடும். அதனால் கட்டைவிரலை எப்போதும் ஒரு நூல் அளவு அழுத்தியே வைத்திருக்கப் பழகினார். பிரேக் மிதிக்கும்போதுகூடப் பாதத்தின் வெளியோரம் ஆக்ஸிலேட்டரை விடாது. அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. பழக்கம் மட்டும் காலிலேயே தங்கிவிட்டது. அவர் ஓட்டியபோது கால் முழுதாக எடுக்கப்பட்டதாகக் கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்லை. அதனால் அது பெட்ரோலை நிறுத்தவும் இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊர் முழுக்கக் 'கால எடுங்க, கால எடுங்க' என்று சொல்லிப் பிழைத்த மனுஷன் தன் காலை ஒரு நாளும் எடுத்ததில்லை.

"வா" என்றார் மாமா அக்காவிடம். "நீ ஓட்டு. நான் லேப்டாப் எடுத்துக்கறேன்."

அக்கா சாவியைப் பார்த்தாளே தவிர, தொடவில்லை. "மறுபடி நின்னுட்டா?"

"நிக்கணும். அதப் பாக்கத்தான் வரேன்."

நான் பின் சீட்டில் மருந்துப் பெட்டி வைக்கிற இடத்தில் உட்கார்ந்தேன், தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே. வெயில் நேரம், ஏசி போட்டிருந்தது. ரவுண்டானா நெருங்கியது. அக்கா காலை எடுத்தாள், கிளட்சை மிதித்தாள். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்: பச்சைக் கோடு நேராக இறங்கித் தரையைத் தொட்டது. பெட்ரோல் நின்றது. சிவப்புக் கோடு சரசரவென்று சரிந்தது, ஆயிரம், எழுநூறு, நானூறு. அவ்வளவுதான், வண்டி அணைந்துபோனது. பின்னால் ஹாரன்.

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாமா திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கிளட்ச் சரியான நேரத்துலதான் மிதிச்ச" என்றார். "எல்லாமே சரியாத்தான் பண்ண."

தள்ளிக்கொண்டு போய், பூட்டியிருந்த டயர் கடை முன்னால் நிறுத்தினோம். மாமா லேப்டாப்பைப் பாதி மூடி வைத்தார்.

"இத்தன நாளா உம்மேல பழி போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

அக்கா முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தபடி சொன்னாள்: "அத நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. இத கார்க்குள்ள சொல்றீங்க."

மாமா லேப்டாப்பை மறுபடி திறந்தார். எண்களுக்குள் குனிந்துவிட்டார்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, ஆகையால் சொல்கிறேன். முதலில் பெட்ரோலைச் சீக்கிரமாகத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். ஓட்டிப் பார்த்தார்கள். அணையவில்லை, ஆனால் தள்ளாடியது. "இருமுது" என்றாள் அக்கா. காலை எடுத்ததும் காற்றுப் பாதை படாரென்று சாத்திக்கொள்ளாமல் மெல்லச் சாத்துகிற மாதிரி ஒரு வரிசை எண்களை மாற்றினார். "இப்போ இருமல் இல்ல, மூச்சு வாங்குது." ஏசி ஓடும்போது கூடக் கொஞ்சம் காற்று கொடுத்தார். "ஆங், தேவல. ஆனா கடைசில ஒரு விக்கல்." அவள் சொல்லச் சொல்ல இவர் தட்டினார். ரவுண்டானாவை எத்தனை தடவை சுற்றினோம் என்று எனக்குக் கணக்கில்லை. ஓரத்தில் நின்ற போலீஸ்காரர் எங்களைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தது மட்டும் தெரியும். கடைசியில் ஒரு தடவை அக்கா காலை முழுதாக எடுத்து, தரையில் வைத்தே விட்டாள். பச்சைக் கோடு தரையில் நேராகப் படுத்தது. சிவப்புக் கோடு எண்ணூறுவரை இறங்கி, அங்கேயே அசையாமல் நின்றது.

"தூங்கிடுச்சா?" என்று கேட்டார் மாமா.

"இல்ல. நிம்மதியா இருக்கு" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அக்கா மருந்துப் பெட்டியோடும் சாப்பாட்டுப் பையோடும் பட்டறைக்கு வந்தாள். கார் வாசலில் நின்றது. டாக்ஸிக்காரர் வழக்கம்போல டீயோடு பெஞ்சில் இருந்தார், இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நான் தையலை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். மாமா கையைத் துணியில் துடைத்தார், அழுக்கே இல்லாத கையை.

"அண்ணே" என்றார் டாக்ஸிக்காரரிடம். "அன்னிக்கு ஒண்ணு சொன்னேனே, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு."

"ஆமா, சொன்னீங்க."

"கூடம்தாண்ணே கோணல். கட்டினவன் நான். அதக் கண்டுபிடிச்சதும் இவதான்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்ஸிக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா சாப்பாட்டுப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, பெட்டியைப் பின் சீட்டில் ஏற்றிப் பட்டையை மாட்டினாள். கதவைத் திறந்தவள் திரும்பி, "சாப்பாட்டுப் பை மேஜமேல இருக்கு. ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க. மொத வீடு வாத்தியார் வீடு, போய்ட்டு வரேன்" என்றாள். வண்டிப் பேச்சைத் தவிர மாமாவிடம் அவள் இப்படி முழு வாக்கியமாகப் பேசி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கார் கிளம்பித் தெருக்கோடியை நோக்கிப் போனது. நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தோம். திருப்பத்தில் இன்ஜின் சத்தம் இறங்கியது. அங்கே காலை எடுத்துவிட்டாள் என்று தெரிந்தது. சத்தம் அடங்கி, நிதானப்பட்டு, மறுபடி ஏறித் தெரு தாண்டிப் போனது. நான் மாமாவைப் பார்த்தேன். தெருக்கோடியைப் பார்த்தபடியே நின்றிருந்தவரின் வலது கால் கட்டைவிரல், செருப்பை விட்டு மெல்ல மேலே எழும்பியிருந்தது.